வெறும் வயிறு

ஆபரேஷன் முடிந்து, வெட்டி எடுத்ததைப் பரிசோதித்த ரிப்போர்ட்டும் வந்த பிறகு, டாக்டர் நிர்மலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். என் வீட்டுக்காரர் அன்வருதீன் வார்டில் படுத்திருந்தார். மகன் ஜாகிர் மருந்து வாங்கப் போயிருந்தான். "பொழைச்சுக்குவாரா?" என்று நான் நேராகவே கேட்டுவிட்டேன். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. டாக்டரம்மாவுக்கும் கிடையாது என்று தெரிந்தது.

"அது பல விஷயத்தப் பொறுத்ததும்மா. எப்பக் கண்டுபுடிச்சோம், கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கு, பக்கத்துல இருக்கிற நெறிக்கட்டில பரவியிருக்கா, வெட்டின ஓரம் சுத்தமா இருக்கா, இதெல்லாம் பாக்கணும். ஓரம் சுத்தமா இருக்கு, நல்லது. நெறிக்கட்டி சிலதுல பரவியிருக்கு, அது நல்லதில்ல. ஆனா இதெல்லாம் முடிஞ்சு போன விஷயம். இனிமே நீங்களும் மாத்த முடியாது, நானும் மாத்த முடியாது."

"மாத்த முடிஞ்சது எது?"

"கீமோவ இடைவெளி விடாம முடிக்கணும். அதுக்கு ஒடம்புல ரத்தம் வேணும், எடை வேணும், புரதச்சத்து வேணும். எடை எறங்குச்சுன்னா நான் மருந்து ஏத்த முடியாது. தள்ளித் தள்ளிப் போட்டா, கத்திக்குத் தப்பிச்சது ஏதாவது இருந்தா வேற எடத்துல போய் உக்காந்துக்கும். அவர சாப்புட வைங்க. அதுதான் உங்க வேல."

அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் கடைசியில் சொன்னது புரிந்தது. எனக்கு அந்த இடத்தில்தான் ஒரு தெம்பு வந்தது. நெறிக்கட்டியைப் பார்த்து மிரட்ட என்னால் முடியாது. சாப்பிட வைப்பது ஒரு வேலையா? கல்யாணமான நாளிலிருந்து நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன்? மிச்சத்தை எல்லாம் அல்லா பார்த்துக்கொள்ளட்டும், தட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு குணம் உண்டு. வெட்கம். பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் அவருக்குத் தார்ப்பாய்க் கடை. லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் குருசுக்குப்பத்துப் படகுகளுக்கும் தார்ப்பாய் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துக் கொடுப்பார். கடையில் பேரம் பேசினால் அந்தச் சந்து முழுக்கக் கேட்கும். வீட்டில் மட்டும், கக்கூஸுக்குப் போகிறேன் என்றுகூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஏதோ காற்று வாங்கப் போகிறவர் மாதிரி கொல்லைப் பக்கம் நடப்பார். இப்படிப்பட்டவருக்கு ஒரு வருஷத்துக்கு மேலாக ரத்தம் போயிருக்கிறது. என்னிடம் மூச்சு விடவில்லை. மூலச்சூடு என்று தானாகவே முடிவு செய்துகொண்டு மோரும் வெந்தயமுமாகக் குடித்திருக்கிறார். துவைக்கப் போட்ட கைலியில் கறையைப் பார்த்து நான் கூப்பாடு போட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா முதலில் சொன்னாரே, எப்போது கண்டுபிடித்தோம் என்று, அந்த இடத்திலேயே நாங்கள் பாதி தோற்றுவிட்டோம்.

கட்டி குடலின் கடைசிப் பகுதியில் இருந்ததால் பின்வழியை முழுக்கத் தைத்து மூடிவிட்டார்கள். இடது பக்க வயிற்றில் ஒரு வாசல் வைத்து, குடலின் நுனியை வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டியிருந்தார்கள். இனி ஆயுசுக்கும் அதுதான் வழி. அடக்கவும் முடியாது, தள்ளிப்போடவும் முடியாது. வருகிறபோது வரும். பையை எப்படிக் கழற்றிக் கழுவுவது, எப்படிச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுவது என்று நர்ஸ் கார்குழலி சொல்லிக்கொடுத்தபோது, கற்றுக்கொண்டது நான். இவர் தன் வயிறு யாருடையதோ என்பது போல மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் பை பக்கவாட்டில் கசிந்துவிட்டது. அவர் முகம் சுண்டிப்போனது. "ஊருக்கெல்லாம் ஒழுகாத தார்ப்பா தைச்சீங்க. நம்ம வூட்டுப் பை ஒழுகுது பாருங்க" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அப்படித்தான். அழுகிற இடத்தில் கிண்டல் செய்துவிட்டு, அடுப்படியில் போய் அழுதுவிட்டு வருவேன்.

பிறகு நான் என் வேலையை ஆரம்பித்தேன். காலையில் முட்டையும் இடியாப்பமும். பதினோரு மணிக்குக் கோழி சூப். மத்தியானம் மீன் இல்லாமல் தட்டு வைத்ததில்லை. குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் குஞ்சம்மாளிடம், "எங்க வூட்டுக்காரருக்கு மருந்துடி இது, நேத்து மீனத் தலையில கட்டிடாத" என்று தினம் சண்டை போட்டு வாங்குவேன். ஆட்டுக்கால் வாங்கி வந்து எலும்பு கரையக் கொதிக்கவைத்துப் பாயா செய்வேன். அவரும் சாப்பிட்டார். கீமோ ஏற்றிவந்த இரண்டு மூன்று நாள் குமட்டும், அப்புறம் பசி வரும். கன்னத்தில் சதை பிடித்தது. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். எனக்குப் பட்டம் வாங்கியது போல இருந்தது.

உடம்பு கொஞ்சம் தேறியதும் கடைக்குப் போக ஆரம்பித்தார். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்பினார். நோய்க்கு முன்னால் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பள்ளிவாசலுக்கு முதல் ஆளாகப் போய்ப் பாய் விரிப்பவர் அவர்தான். முதல் சஃப்பில், வரிசையின் வலது பக்கத்தில், அவருக்கென்று யாரும் எழுதி வைக்காத ஒரு இடம் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு வாரக்கணக்காக வீட்டிலேயே கிடந்தவர், குளித்து, பை தெரியாமல் இருக்கத் தொளதொளவென்று ஒரு ஜிப்பா போட்டுக்கொண்டு, அத்தர் பூசிக்கொண்டு கிளம்பியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெகுநாள் கழித்து நடந்து போனது அலுப்பு என்று நான் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு, "வூட்ல சாப்புட ஒக்காந்தாலே கொமட்டுது. கடைக்குக் கட்டிக் குடுத்துடு. காத்தாட ஒக்காந்து துன்றேன்" என்றார். கீமோ போடுகிறவர்களுக்கு வீட்டுத் தாளிப்பு வாசனையே ஆகாது என்று மற்றவர்களும் சொன்னார்கள். சரி என்று அடுக்கு டிபன் கேரியரில் கட்டிக்கொடுத்தேன். மாலையில் அது சுத்தமாகக் கழுவி வரும். ஒரு பருக்கை மிச்சம் இருக்காது. ராத்திரி இஷா தொழுகை முடிந்து வந்து என் எதிரில் கொஞ்சம் கஞ்சி குடிப்பார். பகல் முழுக்க நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார், ராத்திரி எதற்கு வற்புறுத்த வேண்டும் என்று நானும் இருந்தேன். தெருவில் கேட்கிறவர்களிடம் எல்லாம் "கேரியர் காலியாத்தான் வருது, அல்லா காப்பாத்துறான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் எடை இறங்கியது. முதலில் ஒரு கிலோ. அப்புறம் மேலும். ரத்தமும் குறைந்தது. ஒரு தவணைக்குப் போனபோது டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இந்த வாரம் ஏத்த முடியாது. ஒடம்பு தாங்காது" என்றார்.

"சாப்புடறாரா?" என்று கேட்டார்.

"அல்லா மேல சத்தியமா சாப்புடறாரு டாக்டரம்மா. என்ன வச்சாலும் மிச்சம் வைக்கிறதில்ல."

"அப்பறம் ஏன் இப்படி எறங்குது?" என்று அவர் தனக்குள் கேட்டுக்கொண்டே ஸ்கேன் எழுதினார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஈரல் சுத்தமாக இருக்கிறது என்றார்கள். சுத்தம் என்ற அந்த வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. நான் அல்லா மேல் சத்தியம் செய்தபோது இவர் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி பொய்ச் சத்தியம் செய்கிறாள் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த முறையும் தள்ளிப்போட்டார்கள். அதற்கடுத்த முறை, மருந்தின் அளவைக் குறைத்து ஏற்றினார்கள். அதுவும் தாங்கவில்லை, காய்ச்சலில் விழுந்தார். நான் பாயாவில் இன்னும் இரண்டு கால் சேர்த்தேன். என் நாத்தனார் பாரிஸ் பக்கம் இருக்கிறாள், அவள் புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவள் வீடியோவில் கூப்பிட்டு, "அண்ணே, இங்கல்லாம் இந்தப் பையோட நீச்சல் கொளத்துக்கே போறாங்க. நீ ஏன் மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க?" என்று தைரியம் சொன்னாள். "நீச்சல் கொளம் வேற, பள்ளிவாசல் வேறம்மா" என்றார் இவர். அவர் சொன்னதை நான் கேட்டேன். கேட்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

கடையில் தைக்கிற சிலம்பரசன் வழியாகத்தான் விஷயம் வெளியே வந்தது. சிலம்பு குருசுக்குப்பத்துக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், எங்கள் கடையில் வெகு காலமாக மெஷினில் உட்காருகிறவன். ஒருநாள் காலையில், இவர் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்த நேரம், கடைச் சாவியை வாங்க வீட்டுக்கு வந்தான். சட்டை பொத்தான் வயிற்றில் இழுத்துக்கொண்டு நின்றது. கழுத்துக்குக் கீழே ஒரு மடிப்பு. ஒல்லிக்குச்சியாகப் பார்த்த ஆள்.

"இன்னா சிலம்பு, கலைமகள் நல்லா ஆக்கிப் போடறாளாட்டம் இருக்கு" என்று நான் சும்மா கிண்டலாகத்தான் சொன்னேன். கலைமகள் அவன் பெண்டாட்டி.

அவன் முகம் மாறியது. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"அக்கா, அது ஒங்க சாப்பாடுக்கா. பாய் ஒரு வாயும் வைக்கிறதில்ல. டீ கூட வேணான்றாரு. எனக்கு எறங்கல, கீழ கொட்டுனா பாவம், நீ துன்னுடானாரு. அக்காகிட்ட சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கினாரு. நானும் ஆரம்பத்துல மருந்து வேகம் போலன்னு நெனைச்சேன். இப்ப பாக்கவே பயமா இருக்குக்கா."

முட்டையும் சூப்பும் மீனும் பாயாவும், இத்தனை நாள் நான் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்து அனுப்பியது எல்லாம் என் கண் முன்னால் சிலம்பரசனாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. அவனை என்ன சொல்வது? எழுந்து உள்ளே வரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அன்று மத்தியானம் நானே கடைக்குப் போய் இவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கதவைச் சாத்தினேன். தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தேன். "துன்னுங்க. என் கண் முன்னாடி துன்னுங்க" என்றேன்.

அவர் தட்டைத் தொடவில்லை. "அஸர் தொழணும், சலீமா" என்றார்.

"அதுக்கும் சோத்துக்கும் இன்னா சம்பந்தம்?"

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, ஜிப்பாவுக்கு மேலே அந்தப் பை இருக்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். "அந்த மொத ஜும்ஆல, சுஜூதுல குனிஞ்சேன். வயிறு அமுங்குச்சு. பையில சத்தம் வந்துச்சு. அத்தன பேரும் தலைய தரையில வச்சு, மூச்சு சத்தம் கூட இல்லாம இருக்கிற நேரம். நாத்தம் வேற. பின்னாடி யாரோ இருமுனாங்க. எனக்காக இருமுனாங்க சலீமா, சத்தத்த மறைக்கிறதுக்கு. அது எனக்குத் தாங்கல."

"சரி, அதுக்கு?"

"வயித்துல நஜீஸ, அசுத்தத்தக் கட்டிக்கினு எப்படி அல்லா முன்னாடி நிக்கிறது? தொழுகை கூடுமா? உள்ள ஒண்ணும் போவலன்னா வெளிய ஒண்ணும் வராது. இஷா முடிஞ்சதும் கொஞ்சம் சாப்புட்டா, காலையில பஜருக்கு முன்னாடி பைய மாத்திக்கலாம். பகலெல்லாம் சுத்தமா நிக்கலாம்."

எனக்குக் கத்தல்தான் வந்தது. "யாரு சொன்னா ஒங்களுக்கு தொழுகை கூடாதுன்னு?"

"யாரும் சொல்லல. இது கூடவா தெரியாது?"

"பள்ளிவாசல் ஹஜ்ரத்தக் கேட்டீங்களா?"

"இதப் போயி எப்படிடி கேக்கிறது?" என்றார். அந்த நிலையிலும் அவருக்கு முகம் சிவந்தது.

ஐந்து வேளையும் ஹஜ்ரத்துக்குப் பின்னால் நின்று தொழுகிற மனிதர். ஜகாத் பற்றி, நோன்பு பற்றி, கடைக் கணக்கு பற்றி எல்லாம் கேட்பார். இதை மட்டும் கேட்கவில்லை. கேட்க வெட்கப்பட்டு, தானே ஒரு சட்டத்தை எழுதிக்கொண்டு, அந்தச் சட்டத்துக்குத் தன் உடம்பைத் தின்னக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஹஜ்ரத்தின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால். அவர் பெண்டாட்டி நூரீன் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறவள், என்னைவிட வயசில் சின்னவள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திரைக்கு அந்தப் பக்கம் போய்ச் சொன்னாள். ஹஜ்ரத்தின் குரல் உள்ளிருந்து வந்தது.

"அவருக்கு மார்க்கத்துல சலுகை இருக்கும்மா. அடக்க முடியாத நோய் உள்ளவங்க ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதுசா கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டுத் தொழுதாப் போதும். பையில என்ன இருந்தாலும், தொழுகைல நடுவுல வந்தாலும், தொழுகை கூடும். பட்டினி கெடந்து உசுர அழிச்சுக்கிறதுதான் பாவம்." அவ்வளவுதான். மூச்சு வாங்காமல் சொல்லி முடித்துவிட்டார். பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "நம்ம ஜமாஅத்துலயே இன்னும் ரெண்டு பேர் இந்த மாதிரிப் பையோடதான் நிக்கிறாங்க. வந்து கேட்டாங்க, சொன்னேன். பாய் ஏன் கேக்காம வுட்டாரு?" என்றார்.

எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. ஒரு டீ ஆறுகிற நேரத்தில் தீர்கிற விஷயம். அதற்காக எத்தனை தவணை மருந்து போயிற்று!

வீட்டுக்கு வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து, ஹஜ்ரத் சொன்னதை அப்படியே சொன்னேன். நம்பாமல் என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் குழந்தை மாதிரி அழுதார். அழுது முடித்ததும், "சோறு இருக்கா?" என்றார். ஆறிப்போன மத்தியானச் சோறுதான் இருந்தது. சூடு பண்ணுகிறேன் என்றேன். வேண்டாம் என்று அப்படியே பிசைந்து வாரி வாரிச் சாப்பிட்டார். எவ்வளவு பசியைச் சுமந்துகொண்டு இந்த மனிதர் என் பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நர்ஸ் கார்குழலிதான், "அய்யோ, வெறும் வயித்துல இருந்தா காத்து இன்னும் அதிகமாத்தானே வரும்! ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். இவர் அதற்கும் மின்விசிறியைப் பார்த்தார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை நான் அவருக்குக் காலையிலேயே இடியாப்பமும் பாயாவும் போட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஜும்ஆவுக்குப் போனார். உடம்பு மெலிந்துபோனதில் குனிய முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுதார், ஆனால் முதல் சஃப்பில் தன் இடத்தில். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "இன்னிக்கும் சத்தம் வந்துச்சு. வந்தா வரட்டும்னு வுட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னார். அத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் தன் வயிற்றைப் பற்றி அவர் தானாக என்னிடம் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

எடை கொஞ்சம் ஏறியது. கீமோ திரும்ப ஆரம்பித்தது. நாங்கள் தப்பித்துவிட்டோம் என்றே நான் நினைத்தேன். ஜாகிருக்கு, ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் அவன் வேலை பார்க்கிற கம்பெனியில் சம்பளம் கூட்டினார்கள், அவனுக்குப் பெண் பார்க்கலாம் என்றுகூட இவர் பேச ஆரம்பித்தார். அப்போதுதான் வலது பக்க விலாவுக்குக் கீழே வலி என்றார். முன்பு சுத்தமாக இருக்கிறது என்று சொன்ன ஈரலில், இந்த முறை ஸ்கேனில் நான்கைந்து இடத்தில் கட்டி இருந்தது.

டாக்டரம்மாவிடம் நான் தனியாகப் போய் நின்றேன். "அவரு பட்டினி கெடந்ததாலயா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நோய் மொதல்லயே நெறிக்கட்டிக்குப் போயிருந்துச்சும்மா. அதனாலயும் வந்திருக்கலாம். மருந்து தள்ளிப் போனதாலயும் வந்திருக்கலாம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல. யாருக்கும் தெரியாது."

நல்ல மனுஷி, உண்மையைத்தான் சொன்னார். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பட்டினியால்தான் என்றால் இவர் மேல் கோபித்துக்கொண்டு கிடப்பேன். இல்லை என்றால் தலையெழுத்து என்று விட்டுவிடுவேன். இரண்டும் இல்லாமல் என்னை நடுவில் நிறுத்திவிட்டார். இன்றைக்கும் நான் அங்கேதான் நிற்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. கண் மஞ்சளாயிற்று, கால் வீங்கியது. சாப்பிட ஆசைப்பட்டார், அதுதான் கொடுமை. சுறாப் புட்டு கேட்டார், கொஞ்சம் பாயா கேட்டார். குஞ்சம்மாள் நல்ல சுறாவாகப் பார்த்து எடுத்துவந்து, விலை கூடச் சொல்லாமல் போனாள். நான் செய்து வாயருகே கொண்டுபோவேன். வாசனையை இழுத்துக்கொள்வார். ஒரு வாய் போனதும் திரும்ப வந்துவிடும். "மன்னிச்சுடு சலீமா" என்பார். "எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே நான் வாயைத் துடைத்துவிடுவேன். கடைசி நாட்களில் ஸ்பூனில் தண்ணீர் மட்டும்தான். பையில் ஒன்றும் இருக்காது, ஆனாலும் நான் தினம் கழற்றித் துடைத்து மாற்றினேன். அவர் மின்விசிறியைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். நான் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு காலையில், பஜர் பாங்கு முடிந்து வெளிச்சம் வந்த பிறகு, அவர் போய்விட்டார். அவர் கையில் என் கையை வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீடு நிறைந்துவிட்டது. பெண்கள் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து, சத்தம் போட்டு அழக் கூடாது, மைய்யித்துக்கு வேதனை, பொறுமையாக இரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் பொறுமையாகத்தான் இருந்தேன். என் வாய் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களே ஆச்சரியப்படுகிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கொல்லைப் பக்கம் திரை கட்டி ஆண்கள் அவரைக் குளிப்பாட்டினார்கள். மகன் கை படட்டும் என்று ஜாகிரையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

மைய்யித்தைக் குளிப்பாட்டும்போது தோளை லேசாகத் தூக்கி, வயிற்றை மெதுவாகத் தடவி அமுக்குவார்கள். உள்ளே மிச்சம் இருப்பது வெளியே வந்துவிட வேண்டும் என்பதற்காக. எங்கள் வழக்கத்தில் அது எல்லாருக்கும் செய்வது. ஜாகிர் ஈரக் கையோடு வெளியே வந்து என் முன்னால் மண்டியிட்டான். அவன் கண் சிவந்திருந்தது. ஆனால் எனக்கு ஏதோ நல்ல சேதி கொண்டுவந்திருப்பவன் போல என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அத்தா வயித்த அமுக்குனாங்கம்மா. ஒண்ணுமே வரல. பையும் காலி. இவ்வளவு சுத்தமா ஒரு மைய்யித்தக் குளிப்பாட்டுனதே இல்லன்னு பள்ளிவாசல் மோதினார் சொல்றாரு. அத்தா ஆசப்பட்ட மாதிரியே சுத்தமாப் போறாரும்மா."

சுற்றி இருந்த பெண்கள் மாஷா அல்லா என்றார்கள். "எல்லாருக்குமா இது கெடைக்கும்?" என்றாள் ஒருத்தி.

அதுவரை கடித்துக்கொண்டிருந்த பல் விட்டுப்போயிற்று. "பட்டினியா அனுப்புறீங்களேடா" என்று கத்தினேன். "ஒரு வாய் கஞ்சியாவது இருக்கக் கூடாதா அந்த வயித்துல" என்று கத்தினேன். யாரோ என் வாயைப் பொத்தினார்கள்.